உட்கார்ந்தபடியே வந்தவர்கள்

இது நடந்தது. எனக்கு நடந்தது. கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துவிட்டுப் போகலாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஆனால் காய்ச்சலில் உளறுகிறான், வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. மது தொடுகிறவனும் இல்லை நான். பதினோரு வருஷம் சுல்தானின் படையில் துப்பாக்கி தூக்கியவன். பிணத்தைப் பார்த்துப் பயப்படுகிற காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

என் பெயர் மைமூன். ஊர் மராக்கேஷ். நடந்தது ஹிஜ்ரி 999, ஜமாதுல் அவ்வல் மாதம். பாலைவனத்தைத் தாண்டி, தெற்கே சோங்காய் நாட்டில், அவர்களுடைய பெரிய ஆற்றங்கரையில்.

முதலில் அய்யாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை ரஹ்மாவின் புருஷன். மலை ஊர்க்காரன். குதிரையும் ஈட்டியுமாக வளர்ந்தவன். துப்பாக்கி என்றாலே முகத்தைச் சுளிப்பான். அவனைத் துப்பாக்கி அணியில் பெயர் கொடுக்க வைத்தவன் நான்தான். காரணம் இருந்தது. குதிரைக்காரன் எதிரியின் முகத்துக்கு முன்னால் போய்த்தான் சண்டை போட வேண்டும். போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. துப்பாக்கிக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. எண்பது தப்படி தள்ளி நின்று சுடலாம். எதிரி கிட்டேயே வர மாட்டான். இதைச் சொல்லித்தான் ரஹ்மாவின் வாயை அடைத்தேன். கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

புறப்படும் நாள் காலையில் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போறது நீ. கூட்டிட்டு வர வேண்டியதும் நீதான் அண்ணே. அவரு வராம நீ மட்டும் வந்தா, இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

"நான் கூட்டிட்டு வரேன். இது என் பொறுப்பு."

அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் அணியில் இருபத்துநாலு பேர். தலைவர் ரித்வான். ஸ்பெயின்காரர், மதம் மாறி எங்கள் பக்கம் வந்தவர். காயித் என்று கூப்பிடுவோம். ஆள் ஒரு மாதிரி. கெட்ட வார்த்தை இல்லாமல் வாய் திறக்க மாட்டார். ஆனால் வேலையில் புலி. எட்டு எட்டாக மூன்று வரிசையில் எங்களை நிறுத்துவார். முன் வரிசை சுடும். சுட்டதும் இடதுபக்கம் திரும்பி, பின்னால் போய், மருந்து போட்டு, குண்டு இறக்கிக் கோலால் இடிக்கும். அதற்குள் இரண்டாம் வரிசை முன்னால் வந்து சுடும். அப்புறம் மூன்றாவது. அதற்குள் முதல் வரிசை தயார். நிற்காமல் சுற்றும். முன்னால் எண்பது தப்படி அளந்து ஒரு மர முளை அடித்து, அதில் சிவப்புத் துணி கட்டுவார். எதிரி அந்த முளையைத் தாண்டும்வரை யாரும் சுடக் கூடாது.

இன்னொரு கட்டளையும் உண்டு. சுட்டவன் முன்னால் பார்க்கக் கூடாது. திரும்பிவிட வேண்டும்.

"யார் மேல பட்டுது, செத்தானா இல்லையான்னு பாத்துக்கிட்டு நிக்கிறவன், பின்னால வர்றவனுக்கு இடைஞ்சல். அப்படி நின்னா அவனையும் சேத்துச் சுடச் சொல்லுவேன். நான் சொன்னா சொன்னதுதான்."

அய்யாத்துக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஈட்டியால குத்தினா, குத்துப்பட்டவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கும் மச்சான். இதுல யாரைக் கொன்னேன்னே தெரியலையே."

"தெரியாம இருக்கிறதுதான்டா நல்லது மாப்ளே. நிம்மதியாத் தூங்கலாம்."

"நீ தூங்குவே. உன் குறட்டைதான் ஒட்டகத்தையே எழுப்புதே."

இப்படித்தான் பேசுவான். அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை வருஷமாகிவிட்டது.

சண்டை ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதைச் சண்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் எங்களைவிடப் பல மடங்கு. முதலில் ஆயிரக்கணக்கான மாடுகளை எங்கள்மேல் விரட்டிவிட்டார்கள். மாட்டு மந்தை எங்களை மிதித்துச் சிதறடிக்கும், பின்னாலேயே வந்து வெட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. மாடுகள் முளையைத் தாண்டியதும் சுட்டோம். அந்தச் சத்தத்தை அந்த மாடுகள் ஜென்மத்தில் கேட்டதில்லை. அப்படியே திரும்பி, தங்கள் ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடின. குடல் சரிந்த மாடு ஒன்று தன் குடலிலேயே கால் சிக்கி விழுந்தது. அதற்குக் கீழே இரண்டு பேர்.

அப்புறம் குதிரைகள். அதுவும் முளையோடு முடிந்தது.

எல்லோரும் ஓடிய பிறகும் ஒரு கூட்டம் மட்டும் ஓடவில்லை. அவர்களுடைய படையிலேயே தைரியமான ஆட்கள் என்று பிறகு சொன்னார்கள். ஒவ்வொருவனும் தன் கேடயத்தைத் தரையில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு உட்கார்ந்தான். தோல் வாரால் கணுக்காலைத் தொடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். ஓட நினைத்தாலும் ஓட முடியாதபடி. அவர்கள் வழக்கம் அது. இப்படி உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் வந்து அவர்களை வெட்டித்தான் ஜெயிக்க வேண்டும். அந்த நாட்டில் எத்தனையோ படைகள் அதைப் பார்த்தே பின்வாங்கியிருக்கின்றனவாம்.

நாங்கள் பக்கத்தில் போகவில்லை. முளையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி அடித்தோம். அவ்வளவுதான்.

சுட்டோம். திரும்பினோம். மருந்து போட்டோம். சுட்டோம். அவர்கள் அம்பு எங்கள் காலடிவரை வந்து விழுந்தது. எங்கள் குண்டு அவர்கள் நெஞ்சுக்குள் போனது. இதில் ஒரு கொடுமை பாருங்கள். கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் செத்தாலும் விழமாட்டான். தாடை பறந்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பாதி மண்டை இல்லாதவனும் உட்கார்ந்திருந்தான். யார் உயிரோடு இருக்கிறான், யார் செத்தான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. "விழாதவனைத் திரும்பச் சுடு" என்று காயித் கத்தினார். செத்தவர்களையே நாலு தடவை, ஐந்து தடவை கொன்றோம்.

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் எல்லாம் அடங்கியது.

அய்யாத் நேராக அவர்களிடம் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனுக்கு இன்னும் உயிர் இருந்தது. நடு வயதுக்காரன். வயிற்றில் குண்டு. கேடயம் முழுக்க ரத்தம். அய்யாத் அவன் கால் கட்டை அறுப்பதற்குக் கத்தியை எடுத்தான். குண்டுபட்டவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். பிறகு தன் முன்னால் இருந்த மணலை உள்ளங்கையால் தட்டினான்.

தொப்... தொப்... தொப்...

"கிட்ட வந்து உக்காருங்கிறான் மச்சான். எதுக்க உக்காந்து சண்டை போடணுமாம்." அய்யாத் கத்தியை உறையில் போட்டான். "போடணும் மச்சான். ஒருத்தன்கிட்டயாவது முறையாப் போடணும். இவ்வளவு நேரம் நாம பண்ணினது என்ன?"

உண்மையாகவே உட்காரப் போனான். எதிரி இடுப்பில் குத்துவாள் இருந்தது. என் கண்முன் ரஹ்மாவின் முகம் வந்து நின்றது. அய்யாத்தின் தோளுக்குமேலாகக் குறிவைத்து, பத்துத் தப்படி தூரத்திலிருந்து சுட்டேன். அந்த எதிரியின் முகமே இல்லாமல் போனது. கை மட்டும் மணலில் இன்னும் இரண்டு முறை தட்டியது.

அய்யாத் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

படை அடுத்த நாளே நகரத்தைப் பிடிக்கப் போய்விட்டது. மருந்துப் பீப்பாய்களையும் காயம்பட்ட பதினோரு பேரையும் காவல் காக்க எங்கள் அணியை மட்டும் அங்கேயே விட்டார்கள். மூன்றாம் நாள் மாலை ஒட்டகங்கள் வரும், அதுவரை நகரக் கூடாது. பிணங்களைப் புதைக்க ஆளில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் முந்நூறு தப்படிக்கு அப்பால் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் பார்லி மாவைப் பிசைந்து தின்றோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் புழுதிக் காற்று ஆரம்பித்தது. அந்த ஊரில் அந்தப் பருவத்தில் வடக்கேயிருந்து மெல்லிய மண் வந்து வானத்தையே மூடிவிடும். சூரியன் வெளிறிப்போய்த் தெரிந்தது. நிழலே விழவில்லை.

எங்களுக்கு நேரம் சொல்வது துப்பாக்கித் திரிதான். கனன்றுகொண்டே இருக்கும் கயிறு. எத்தனை விரல் எரிந்தது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் போனது என்று தெரிந்துவிடும். நான் கணக்கு வைத்திருந்தேன். அதனால்தான் இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன்.

தொழுகை முடிந்து ஆறு விரல் திரி எரிந்தபோது காவலில் இருந்தவன் வந்து சொன்னான். "காயித், அந்தப் பிணங்க கொஞ்சம் கிட்ட இருக்கிற மாதிரி இருக்கு."

"பிணம் நடக்குமாடா? புழுதியில தூரம் அப்படித்தான் தெரியும். போ."

நான் போய்ப் பார்த்தேன். இருநூறு தப்படி இருக்கும். முந்நூறு இல்லை.

இரவில் யாராவது வந்து நகர்த்தி வைத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டோம். அவர்கள் ஆட்கள்தான், பயமுறுத்தப் பார்க்கிறார்கள். ஆனால் மணலில் இழுத்த தடம் எதுவும் இல்லை. காலடியும் இல்லை. இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

லுஹருக்கு நூற்றைம்பது.

யாரும் அவர்கள் நகர்ந்ததைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் அசையவில்லை. புழுதி ஒரு அலை வந்து மூடும். விலகும். அப்போது கொஞ்சம் முன்னால் இருப்பார்கள். கேடயத்தின்மேல். மண்டியிட்டு. முகம் எங்களைப் பார்த்து. முகம் இருந்தவர்களுக்கு.

காயித் எண்பது தப்படியில் முளையை அடிக்க வைத்து எங்களை மூன்று வரிசையாக நிறுத்தினார். அவர் கெட்ட வார்த்தை பேசவில்லை.

நானும் அய்யாத்தும் இரண்டாம் வரிசையில். எனக்கு இடது பக்கம் அவன். தோள் உரசும் தூரம்.

"மச்சான். சத்தம் கேக்குதா?"

கேட்டது.

தொப்... தொப்... தொப்...

ஒரு கை இல்லை. நிறையக் கைகள். மணலைத் தட்டின. ஒரே சீராக.

"காத்து. கூடாரத் துணி அடிக்குது."

"கூப்பிடுறாங்க."

"வாயை மூடு மாப்ளே. திரியைப் பாரு. அணைஞ்சிடப் போகுது."

பிற்பகல் அஸர் தொழுகைக்கு இன்னும் இரண்டு விரல் திரி மிச்சமிருந்தது. புழுதி ஒருமுறை முழுதாக மூடியது. முளையில் கட்டிய சிவப்புத் துணிகூடத் தெரியவில்லை.

விலகியது.

முளைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல் வரிசை." காயித் கையை உயர்த்தினார். "சுடு."

எட்டுத் துப்பாக்கி. புகை. குண்டு பட்ட சத்தம் கேட்டது. ஈரமான தோலில் கம்பால் அடிக்கிற மாதிரி. யாரும் விழவில்லை. ரத்தம் வரவில்லை. முன் வரிசை திரும்பிப் பின்னால் போனது. ஒருவன் வாய்விட்டு அழுதுகொண்டே போனான்.

"இரண்டாம் வரிசை."

முன்னால் வந்தோம். என் குறிக்கு நேரே இருந்தவனுக்கு முகம் இல்லை. வெறும் குழி. அவனை எனக்குத் தெரியும். பத்துத் தப்படியிலிருந்து நான் சுட்டவன். அவன் என் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அய்யாத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தான். மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சுடு."

சுட்டேன். புகை கண்ணை மறைத்தது. இடது பக்கம் திரும்பினேன்.

அய்யாத் திரும்பவில்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்தான். மெதுவாக, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி.

"மாப்ளே. திரும்பு."

"ஒருத்தன்கிட்டயாவது, மச்சான்..."

புகைக்குள் போனான்.

நான் கையை நீட்டினேன். சட்டை நுனி விரலில் பட்டது. பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். இன்றுவரை நான் தூங்காமல் கிடப்பது அதற்காகத்தான். பதினோரு வருஷப் பழக்கம் என் காலைத் திருப்பிவிட்டது. சுட்டவன் நிற்கக் கூடாது. நடந்தேன். என் கால்கள் என்னைப் பின்னால் கொண்டுபோயின.

மூன்றாம் வரிசை என்னைத் தாண்டி முன்னால் போனது.

"காயித், அய்யாத் உள்ள இருக்கான். சுடாதீங்க. காயித்..."

கேட்டாரா இல்லையா, தெரியவில்லை.

"மூன்றாம் வரிசை. சுடு."

எட்டுத் துப்பாக்கி.

அப்புறம் அமைதி.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

புகை அப்படியே நின்றது. காற்று இல்லை. புழுதியும் நின்றுவிட்டது. என் திரி எரிகிற சத்தம் மட்டும் கேட்டது... ஸ்ஸ்ஸ்...

ஒரு விரல் எரிந்தது.

புகைக்குள்ளிருந்து யாரோ நடந்து வருகிற சத்தம். இரண்டு கால். நிதானமாக.

அய்யாத்.

வந்தான். கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். வரிசையைச் சுற்றிப் பின்னால் வந்து என் இடது பக்கம் நின்றான். தோள் உரசியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"எங்கடா போனே? எங்கே போய்த் தொலைஞ்சே?"

"எங்கேயும் போகல."

காயித் எங்களை எண்ணினார். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எண்ணுவார். விரலை நீட்டி, உதடு அசைய. "இருபத்துநாலு" என்றார். ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டார். புகை கலைந்தபோது முன்னால் புழுதி மறுபடி எழுந்திருந்தது. முளையும் தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை. யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு இல்லாவிட்டாலும் யார் போவார்கள்?

பொழுது சாய, மக்ரிப் தொழுகைக்கு முன்பு ஒட்டகங்கள் வந்தன. காயம்பட்டவர்களை மராக்கேஷ் கொண்டுபோகிற கூட்டத்தோடு இரண்டு துப்பாக்கிக்காரர்கள் போக வேண்டும் என்றார்கள். நான் காயித்திடம் ஓடினேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பீப்பாய்களை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாராவது ரெண்டு பேர் போங்கடா" என்றார் திரும்பாமல். அடுத்த கணமே அய்யாத்தை ஒட்டகத்தில் ஏற்றினேன். அந்த இடத்திலிருந்து அவனைக் கொண்டுபோனால் போதும் எனக்கு. ரஹ்மாவிடம் சேர்த்தால் போதும்.

எண்பத்தோரு நாள் பாலைவனம். வழியில் சிலது எனக்கு உறுத்தியது. சொல்கிறேன்.

அவன் தன் பங்குத் தண்ணீரைக் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவான். நல்ல மனசு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் அவன் எப்போது குடித்தான் என்று நான் பார்க்கவில்லை. அவன் ஏறிய ஒட்டகம் மாலையில் மண்டியிட மறுத்தது. மூன்று ஒட்டகம் மாற்றினோம். அன்று அஸருக்கு அவனும்தான் சுட்டான், என் காதுபட. ஆனால் ஊருக்குக் கிளம்பிய ஒன்பதாம் நாள் துடைப்பதற்காக அவன் துப்பாக்கியை எடுத்தேன். குழாய்க்குள் மணல். வாய்வரைக்கும் மணல் கெட்டித்திருந்தது.

ஒருமுறைகூட என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. என் குறட்டையைக் கிண்டல் செய்யவில்லை.

சண்டை பார்த்தவன் பேச்சு குறைவது சகஜம்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சையாகச் சொல்கிறேன், நான் பார்க்க விரும்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒரு அய்யாத் வேண்டும். என் பக்கத்தில் ஒரு அய்யாத் இருந்தான்.

ரஹ்மா வாசலிலேயே மயங்கி விழுந்தாள். எழுந்ததும் என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். தெருவே கூடி அவனைப் பார்த்தது, கட்டித் தழுவியது. விருந்து நடந்தது. அதன்பிறகு அவன் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. எனக்கும் அந்த வீட்டுக்குப் போவது குறைந்துவிட்டது. ஏதாவது வேலை வந்துவிடும். வேலை இல்லாவிட்டால் நானே உண்டாக்கிக்கொள்வேன்.

சண்டை நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, துல்ஹஜ் மாதம். காலை, வெயில் முற்றத்தில் இறங்கியிருந்த நேரம். கதவு தட்டப்பட்டது. திறந்தேன். காயித் ரித்வான். பாதியாக இளைத்திருந்தார். நேற்றுத்தான் ஊர் வந்தாராம். ஆரஞ்சுப்பூத் தண்ணீர் கலந்து பால் கொடுத்தேன். தொடவில்லை.

"உன் தங்கச்சியைப் பாக்கணும் மைமூன். மன்னிப்புக் கேக்கணும். சுடச் சொன்னது நான். நீ கத்தினது என் காதுல விழுந்துச்சு. விழுந்தும் சொன்னேன்."

"அதெல்லாம் எதுக்கு காயித்? ஒண்ணும் ஆகலையே. அவன்தான் நல்லபடியா..."

"நீங்க போன மறுநாள் காலையில புழுதி அடங்கிச்சு" என்றார் அவர். நான் சொன்னதை வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "முளைக்கு இந்தப் பக்கம், இருபது தப்படியில இருந்தான். உக்காந்திருந்தான். உடம்புல ஏழு குண்டு. அத்தனையும் முதுகுல, நம்ம குண்டு. கால் கட்டியிருந்துச்சு, தொடையோட சேத்து, அவங்க கட்டுற மாதிரியே. அவன் எதுக்க ஒரு கேடயம் கிடந்துச்சு, அதுமேல யாரும் இல்ல. நான்தான் குளிப்பாட்டினேன். நான்தான் தொழ வச்சேன். இந்தக் கையாலதான் மண்ணு போட்டேன்."

நான் பால் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"வேற யாராவது இருக்கும் காயித். முகம் சிதைஞ்சு..."

"முகத்துல ஒரு காயம் இல்ல. நம்ம அய்யாத். இருபத்திரண்டு பேரும் பாத்தாங்க."

அவர் முன்னால் குனிந்தார்.

"இங்க வந்தது மன்னிப்புக்கு மட்டும் இல்ல. ஏழு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல மைமூன். அன்னிக்கு நான் எண்ணினேன். இருபத்துநாலு. ரெண்டு பேர் ஊருக்குப் போனீங்க. இருபத்திரண்டு பேர் என்கூட இருந்தாங்க, ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன். அதுக்கு மேல ஒரு பிணம். நீ ஒருத்தன், சரி." என் தோளைப் பிடித்தார். "உன்கூட ரெண்டாவதா வந்தது யாருடா?"

என்ன பதில் சொல்வது? அவன் இங்கிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கிறான் என்றா?

அப்போது முற்றத்துக் கதவு திறந்தது. ரஹ்மா. கையில் தேன் தடவிய ரொட்டித் தட்டு. முகமெல்லாம் சிரிப்பு. காயித்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டாள். காதருகே வந்து மெல்லச் சொன்னாள்.

"உன்கிட்டதான் முதல்ல சொல்றேன் அண்ணே. மூணாவது மாசம்."